அச்சை உடைத்தது யார்?

ஒருவரைப் பற்றி "இவரைப் போல் இன்னொருவர் கிடையாது" என்று ஆங்கிலத்தில் சொல்லப் பல வழிகள் உண்டு. "ஒன் ஆஃப் எ கைண்ட்" என்பது எல்லோருக்கும் தெரிந்தது. அதைவிடக் கொஞ்சம் நாடகத்தனமான இன்னொன்று இருக்கிறது: "தே ப்ரோக் த மோல்ட் வென் தே மேட் ஹிம்". அதாவது, அவரைச் செய்து முடித்ததும் அச்சை உடைத்துவிட்டார்களாம். இனி அதே மாதிரி இன்னொருவரை வார்க்க முடியாது. பணி ஓய்வு விழாக்களிலும் இரங்கல் கூட்டங்களிலும் அடிக்கடி கேட்கலாம்.

மோல்ட் என்றால் பூஞ்சை என்றும் ஒரு பொருள் இருப்பதால், முதல்முறை இதைப் படிப்பவர்கள் கொஞ்சம் திகைத்துப் போவதுண்டு. இங்கே அது வார்ப்பு அச்சு.

தமிழில் இதற்கு நேரான சொல்வழக்கைத் தேடினால் ஒரு வேடிக்கை தெரியும். நாம் அச்சைப் பேச்சில் இழுக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்கம் போகிறோம். "அச்சு அசலா அவங்க அப்பா மாதிரியே இருக்கான்" என்கிறோம். "அச்சில் வார்த்தது போல" என்கிறோம். நமக்கு அச்சு என்பது ஒற்றுமையைக் காட்டும் பொருள். ஆங்கிலேயர்களோ அதே அச்சை உடைத்து வேற்றுமையைக் காட்டுகிறார்கள். சரி, இந்த அச்சை முதலில் உடைத்தது யார்? ஏன் உடைத்தார்?

இதற்குப் பதில் தேடிப் போனால் இங்கிலாந்துக்கு அல்ல, இத்தாலிக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அதற்கும் முன்னால் ஒரு வார்ப்புப் பட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

சுவாமிமலைப் பக்கம் போனவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முதலில் மெழுகில் உருவத்தைச் செய்கிறார்கள். அதன் மேல் காவிரி வண்டல் மண்ணைப் பூசி, காயவைத்து, கம்பி கட்டி, மேலும் மண் பூசுகிறார்கள். பிறகு சூடு காட்டினால் மெழுகு உருகி வெளியே ஓடிவிடும். உள்ளே மெழுகு இருந்த இடம் வெற்றிடமாகும். அதில் உருகிய உலோகத்தை ஊற்றுகிறார்கள். ஆறிய பின் சிலையை வெளியே எடுக்க ஒரே வழிதான் உண்டு. மண் அச்சை உடைத்தாக வேண்டும். மெழுகும் போயிற்று, மண்ணும் போயிற்று, மிஞ்சுவது ஒரே ஒரு சிலை. அடுத்த சிலைக்கு மறுபடி மெழுகிலிருந்து தொடங்க வேண்டும்.

ஐரோப்பாவிலும் பெரிய வெண்கலச் சிலைகளை இந்த மெழுகு முறையில்தான் வார்த்தார்கள். அதிலுள்ள ஆபத்து என்னவென்று மைக்கலாஞ்சலோவைக் கேட்டால் தெரியும். 1506-ஆம் ஆண்டு நவம்பரில் போப் இரண்டாம் ஜூலியஸ் பொலோன்யா நகரத்தைக் கைப்பற்றினார். கைப்பற்றிய ஊரில் தன் வெண்கலச் சிலை ஒன்று இருக்க வேண்டும் என்று மைக்கலாஞ்சலோவை அழைத்துச் சொன்னார். மைக்கலாஞ்சலோவுக்குக் கல்தான் கைவந்த வேலை. ஆகவே வார்ப்பதற்கு பெர்னார்டினோ என்ற ஆசாரியை வரவழைத்தார். அந்த பெர்னார்டினோவின் உண்மையான தொழில் பீரங்கி வார்ப்பது! (இந்த விவரத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

1507 கோடையில் உலோகத்தை ஊற்றினார்கள். சிலை இடுப்பு வரைதான் வந்தது. மீதி உலோகம் சரியாக உருகாமல் உலைக்குள்ளேயே நின்றுவிட்டது. அதை வெளியே எடுக்க உலையையே பிரிக்க வேண்டியதாயிற்று. பிறகு மேல்பாதிக்கு மறுபடி அச்சு செய்து, மறுபடி ஊற்றி, மாதக்கணக்கில் ராவித் தேய்த்து, 1508 பிப்ரவரியில் சான் பெத்ரோனியோ தேவாலயத்தின் வாசலுக்கு மேலே சிலையை ஏற்றினார்கள். உலகத்தில் அது ஒன்றுதான். அச்சு என்றைக்கோ மண்ணாகிவிட்டது.

அந்தச் சிலை நான்கு ஆண்டுகள்கூட நிற்கவில்லை. 1511 மே மாதம், போப்பால் விரட்டப்பட்ட பென்திவோல்யோ குடும்பத்தினர் பொலோன்யாவுக்குத் திரும்பி வந்தார்கள். டிசம்பரில் சிலையை இழுத்துக் கீழே தள்ளி நொறுக்கினார்கள். வெண்கலம் விலையுயர்ந்த பொருள், வீணாக்க மாட்டார்கள். அதை வாங்கிக்கொண்டவர் பக்கத்து நாடான ஃபெராராவின் பிரபு, முதலாம் அல்ஃபோன்ஸோ தெ எஸ்தே. அவர் அப்போது போப்போடு போரில் இருந்தார். அது மட்டுமல்ல, பீரங்கி வார்ப்பதில் பித்துப் பிடித்தவர். தன் பட்டறையில் தானே நின்று வேலை பார்ப்பாராம். போப்பின் சிலையை உருக்கி ஒரு பீரங்கி செய்தார். அதற்கு "ஜூலியா" என்று பெயரும் வைத்தார். ஜூலியஸ் என்ற பெயரைப் பெண்பாலாக்கி ஒரு கிண்டல். பீரங்கிக்காரர் வார்த்த போப், கடைசியில் பீரங்கியாகவே ஆனார்.

இத்தனையும் எதற்கு என்றால், அந்த ஃபெராரா அரண்மனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஒரு கவிஞர்தான் நம்முடைய சொல்வழக்கைப் புகழ்பெறச் செய்தவர். பெயர் லுடோவிகோ அரியோஸ்டோ. அல்ஃபோன்ஸோவின் தம்பி கர்தினால் இப்போலித்தோவிடம் இருந்தார். கவிஞர் என்று பெயரே தவிர, பெரும்பாலும் தூது போகும் வேலைதான். போப் ஜூலியஸிடம் தூது போய், தண்ணீரில் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று மிரட்டப்பட்டுத் திரும்பி வந்ததாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. 1512 ஏப்ரலில் ராவென்னா போரில் அல்ஃபோன்ஸோவின் பீரங்கிகள் பேரழிவு செய்தன. போர் முடிந்த களத்தை அரியோஸ்டோ நேரில் பார்த்தார். பீரங்கியும் துப்பாக்கியும் அவருக்கு எவ்வளவு வெறுப்பு என்பது அவர் காவியத்திலேயே தெரியும். அதன் நாயகன் ஆர்லாண்டோ, எதிரியிடமிருந்து பிடுங்கிய துப்பாக்கியைச் சபித்து நடுக்கடலில் போட்டுவிடுகிறான். பீரங்கிப் பிரபுவிடம் சம்பளம் வாங்கிக்கொண்டு இப்படி எழுத ஒரு தைரியம் வேண்டும்தான்.

அந்தக் காவியம் "ஆர்லாண்டோ ஃபியூரியோஸோ". 1516-ல் ஃபெராராவில் அச்சானது. திருத்தி விரிவாக்கிய கடைசிப் பதிப்பு 1532-ல் வந்தது. அதன் 10-ஆவது காண்டத்தில் ருஜ்ஜியேரோ என்ற வீரன் பறக்கும் குதிரையில் லண்டன் பக்கம் வந்து இறங்குகிறான். தேம்ஸ் நதிக்கரையில் படைகள் அணிவகுத்து நிற்கின்றன. ஒருவர் ஒவ்வொரு தலைவனையும் அவனுக்குச் சுட்டிக் காட்டி விவரிக்கிறார். அதில் ஸ்காட்லாந்து அரசனின் மகன் ஜெர்பினோவின் முறை வருகிறது. இத்தனை பேரில் அவனைப் போல் அழகனும் வீரனும் இல்லை, இயற்கை அவனைப் படைத்துவிட்டு அச்சை உடைத்துவிட்டது என்கிறார். ஒரே ஒரு வரிதான். ஆனால் காவியத்தைப் படிக்காதவர்களின் வாயிலும் அது தங்கிவிட்டது.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். அரியோஸ்டோ பயன்படுத்திய சொல் "ஸ்தாம்பா". இத்தாலிய மொழியில் இது முத்திரை குத்தும் அச்சையும் குறிக்கும், புத்தகம் அச்சிடுவதையும் குறிக்கும். இதை ஆங்கிலத்தில் ஒரே சொல்லில் கொண்டுவருவது சிரமம். மோல்ட் என்றால் அச்சுக்கூடம் நினைவுக்கு வராது, பிரிண்ட் என்றால் வார்ப்பு நினைவுக்கு வராது. தமிழில் அந்தக் கவலையே இல்லை. நமக்கும் வார்ப்பதும் அச்சு, நாணயம் அடிப்பதும் அச்சு, புத்தகம் போடுவதும் அச்சு. அரியோஸ்டோவின் அந்த வரியின் முழுப்பொருள் ஆங்கிலத்தைவிடத் தமிழில் நன்றாகவே விழும்.

இதில் ஒரு முரணும் ஒளிந்திருக்கிறது. மண் அச்சை உடைப்பது வேறு, முத்திரை அச்சை உடைப்பது வேறு. மண் அச்சை உடைக்காமல் சிலையே வெளியில் வராது. அது ஆசாரியின் விருப்பம் அல்ல, தொழிலின் கட்டாயம். உலோகத்தில் வெட்டிய முத்திரை அச்சு அப்படிப்பட்டதல்ல. அதை வைத்து ஆயிரக்கணக்கில் அடித்துக்கொண்டே போகலாம். அதை உடைக்கிறார்கள் என்றால் இனிமேல் வேறு யாரும் அடிக்கக் கூடாது என்று திட்டமிட்டு உடைக்கிறார்கள். ஒரு போப் இறந்ததும் அவருடைய முத்திரை மோதிரத்தை உடைப்பது பல நூற்றாண்டு வழக்கம். அவர் பெயரில் யாரும் கள்ள ஓலை முத்திரையிடக் கூடாது என்பதற்காக.

அப்படியானால் அரியோஸ்டோவின் இயற்கை என்ன செய்தது? நிறையப் பேரைப் படைக்கக்கூடிய அச்சைக் கையில் வைத்துக்கொண்டு, ஒருவனோடு போதும் என்று உடைத்துவிட்டது. கொஞ்சம் கஞ்சத்தனமான புகழ்ச்சிதான். அதுவும் எந்தக் காலத்தில்? ஒரே அச்சில் ஆயிரம் பிரதிகள் எடுக்கும் புது எந்திரம் இத்தாலி எங்கும் பரவிவிட்ட காலத்தில். பிரதியே எடுக்க முடியாத மனிதனைப் பற்றிய அந்த வரி, அதே எந்திரத்தில் ஏறி, பிரதி பிரதியாக ஐரோப்பா முழுக்கப் போனது.

ஜெர்பினோவின் கதை அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு: 24-ஆவது காண்டத்தில் ஒரு சண்டையில் படுகாயம் அடைந்து, காதலி இசபெல்லாவின் மடியில் இறந்து போகிறான். இயற்கை அடுத்ததாக ஒன்று செய்து வைத்திருக்கக் கூடாதா என்று அப்போது தோன்றும்.

காவியம் முழுமையாக ஆங்கிலத்துக்கு வந்தது 1591-ல். மொழிபெயர்த்தவர் சர் ஜான் ஹாரிங்டன். அவர் முதலில் அதிலுள்ள ஒரு ஆபாசக் கதையை மட்டும் மொழிபெயர்த்து அரண்மனைப் பெண்களிடம் சுற்றுக்கு விட்டாராம். முதலாம் எலிசபெத் அரசி கோபப்பட்டு, முழு நூலையும் முடித்துவிட்டு அரண்மனைப் பக்கம் வந்தால் போதும் என்று அனுப்பிவிட்டார் என்று ஒரு கதை உண்டு. இதே ஹாரிங்டன்தான் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் கழிப்பறையை வடிவமைத்து, 1596-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதியவர். அவர் தனியாக ஒரு கட்டுரைக்குத் தகுதியானவர். இப்போது மேலே போவோம்.

அரியோஸ்டோவுக்குப் பிறகு இந்த அச்சைக் கையில் எடுத்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஜாக் ரூசோ. 1712-ல் ஜெனீவாவில் பிறந்தவர். இறந்தது 1778-ல். அவருடைய தன்வரலாறான "ஒப்புதல்கள்" நூலின் முதல் பகுதி 1782-ல்தான் வெளிவந்தது. அதன் முதல் பக்கத்திலேயே இயற்கையும் உடைந்த அச்சும் வருகின்றன. ஆனால் ஒரு பெரிய மாற்றம். அரியோஸ்டோ அடுத்தவனைப் புகழச் சொன்னதை ரூசோ தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்கிறார். நான் மற்றவர்களைவிட மேலானவன் என்று அவர் சொல்லவில்லை, வேறானவன் என்கிறார். தன்னை வார்த்த அச்சை இயற்கை உடைத்தது நல்லதா கெட்டதா என்பதை, நூலைப் படித்து முடித்தவர்கள் தீர்மானிக்கட்டும் என்றும் விட்டுவிடுகிறார்.

இந்த இடத்தில் சொல்வழக்கின் பொருளே மாறிவிடுகிறது. அதுவரை தனித்தன்மை என்றால் உயர்வு. ஜெர்பினோ ஒப்பற்றவன் என்றால் எல்லோரையும்விடச் சிறந்தவன் என்று அர்த்தம். ரூசோவிடம் அது உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. ஒரு மனிதன் இன்னொரு மனிதனைப் போல இல்லை என்பதே சொல்லத் தகுந்த செய்தியாகிவிடுகிறது. இன்று "தனித்துவம்" என்று நாம் பேசுவதில் பாதி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதே நூலில், தனக்குப் பிறந்த ஐந்து குழந்தைகளையும் அநாதை விடுதியில் விட்டதை ரூசோவே ஒப்புக்கொள்கிறார். தன் சாயலில் வந்த ஐந்து பேரையும் கைகழுவிய மனிதர், அச்சை உடைத்த பழியை இயற்கையின் மேல் போடுவது எவ்வளவு நியாயம் என்பதையும் படிப்பவர்கள் தீர்மானிக்கலாம்.

ஆங்கிலத்தில் இது மறக்க முடியாதபடி பதிந்தது 1816-ல். அந்த வருடம் ஏப்ரலில் பைரன் பிரபு, மனைவி பிரிந்து போய், ஊர் தூற்ற, கடன்காரர்கள் துரத்த, இங்கிலாந்தை விட்டுக் கிளம்பினார். போய்த் தங்கியது ஜெனீவா ஏரிக்கரையில், வில்லா தியோதாதி என்ற வீட்டில். ஜூனில் ஷெல்லியோடு படகில் ஏரியைச் சுற்றினார். ரூசோவின் நாவலைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் வரும் இடங்களைத் தேடிப் பார்த்தார்கள். பைரன் அரியோஸ்டோவையும் நன்கு அறிந்தவர்.

ஜூலை 7-ஆம் தேதி லண்டனில் ரிச்சர்ட் பிரின்ஸ்லி ஷெரிடன் இறந்தார். "தி ஸ்கூல் ஃபார் ஸ்காண்டல்" என்ற நாடகத்தை 1777-ல் மேடையேற்றியவர். நாடாளுமன்றப் பேச்சில் மன்னன். நமக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1787 பிப்ரவரியில், கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ், அயோத்தி அரச குடும்பத்துப் பேகம்களிடம் பணத்தைப் பறித்தார் என்று ஏறக்குறைய ஆறு மணி நேரம் பேசி அவையைக் கட்டிப்போட்டவர் அவர்தான். ஆனால் கடைசிக் காலம் பரிதாபம். அவருடைய ட்ரூரி லேன் நாடக அரங்கம் 1809-ல் எரிந்து போனது. 1812-ல் தேர்தலில் தோற்றார். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவரை கடனுக்காக அவரைக் கைது செய்ய முடியாது. தோற்றதும் அந்தப் பாதுகாப்பு போயிற்று, மறு வருடமே கடனுக்காகப் பிடித்து வைத்தார்கள். சாகும் தறுவாயிலும் ஜப்தி செய்ய வந்தவர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். இறந்த பிறகு? வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம், பிரபுக்களும் கோமகன்களும் சவப்பெட்டியின் பக்கத்தில்! உயிரோடு இருந்தபோது அவர்களில் நான்கு பேர் கூடிக் கடனை அடைத்திருக்கலாம்.

எரிந்த ட்ரூரி லேன் அரங்கத்தை மீண்டும் கட்டியிருந்தார்கள். பைரனும் அதன் நிர்வாகக் குழுவில் இருந்தவர். அந்த மேடையில் வாசிக்க ஷெரிடனுக்கு ஒரு இரங்கற்பா வேண்டும் என்று நண்பர் கேட்டார். இறந்து பத்து நாட்களில், ஜூலை 17-ல், பைரன் எழுதி முடித்தார். செப்டம்பரில் அது அரங்கேறியது. அந்தக் கவிதை முடிவது நம்முடைய சொல்வழக்கில்தான். இயற்கை இப்படி ஒரே ஒருவரைப் படைத்துவிட்டு அச்சை உடைத்துவிட்டது என்ற கருத்து. பைரன் போட்ட சொல் "டை". நாணயம் அடிக்கும் அச்சு. அதாவது அரியோஸ்டோவின் பொருளுக்கு மிக நெருக்கம், வேண்டுமென்றே உடைப்பது. நாட்டை விட்டுக் கடனோடும் பழியோடும் போன ஒருவர், கடனோடு செத்த ஒருவரைப் பற்றி எழுதிய வரி அது. ரூசோவின் ஊரில் உட்கார்ந்து எழுதியும், பைரன் அதைத் தனக்காக வைத்துக்கொள்ளாமல் மறுபடி இன்னொருவருக்குக் கொடுத்தார். அந்த விதத்தில் அவர் அரியோஸ்டோவின் பக்கம்.

பேச்சு வழக்கில் நாணய அச்சு காணாமல் போய், வார்ப்பு அச்சான மோல்ட் நின்றுவிட்டது. "இயற்கை" என்ற எழுவாயும் போய்விட்டது. இப்போது "தே" என்கிறார்கள். யார் அந்த அவர்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மாணவர்கள் சறுக்கும் இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது. "தே ப்ரோக் த மோல்ட் வென் தே மேட் ஹெர்" என்றால், அவளைப் போல் இன்னொருத்தி இல்லை. ஆனால் "ஷி ப்ரோக் த மோல்ட்" என்றால் கதையே வேறு. அவள் பழைய வழிமுறையை மீறிப் புது வழியில் போனாள் என்று பொருள். முதல் வாக்கியத்தில் அச்சு அவளை உருவாக்கியது, அதனால் அது அருமையானது, உடைந்தது இழப்பு. இரண்டாவதில் அச்சு அவளை அடக்கி வைத்திருந்தது, அதனால் அது சிறை, உடைந்தது விடுதலை. யார் உடைத்தார்கள் என்று பார்த்தால் போதும், குழப்பம் வராது. இறந்தவரைப் பற்றிப் பேசும்போது மாற்றிச் சொல்லிவிட்டால், அடக்கமாக வாழ்ந்த பெரியவரைக் கலகக்காரர் ஆக்கிவிடுவோம்.

இந்த இரண்டாவது பொருளுக்கு நாடறிந்த உதாரணம் பிரிட்டிஷ் அரசியல். 1981 ஜனவரியில் லேபர் கட்சியிலிருந்து ராய் ஜென்கின்ஸ், டேவிட் ஓவன், ஷெர்லி வில்லியம்ஸ், பில் ராட்ஜர்ஸ் என்ற நான்கு முன்னாள் அமைச்சர்கள் தனி வழி காண அறிக்கை விட்டார்கள். மார்ச்சில் சோஷியல் டெமாக்ரட்டிக் கட்சி பிறந்தது. பிரிட்டிஷ் அரசியலின் அச்சை உடைக்கப் போகிறோம் என்பதுதான் அவர்களுடைய முழக்கம். இரண்டு கட்சிகளே மாறி மாறி ஆளும் அந்த வார்ப்பு இனி இருக்காது என்றார்கள்.

1983 தேர்தலில் அவர்கள் லிபரல் கட்சியோடு கூட்டணி வைத்து நின்றார்கள். கூட்டணிக்கு 25.4 சதவிகித வாக்குகள் கிடைத்தன. லேபருக்கு 27.6 சதவிகிதம். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு. ஆனால் இடங்கள்? லேபருக்கு 209, கூட்டணிக்கு 23. தொகுதியில் முதலில் வருபவருக்கே வெற்றி என்ற முறை அப்படித்தான் எண்ணும். 1988-ல் கட்சியின் பெரும்பகுதி லிபரல்களோடு இணைந்தது. இணைய மறுத்த டேவிட் ஓவன் பழைய பெயரிலேயே ஒரு சிறு கட்சியை 1990 வரை நடத்திப் பார்த்துவிட்டுக் கலைத்தார்.